மிச்ச அரை ஷிப்ட்

எங்கள் பள்ளிக்கூடத்தை ஒன்றரை மாதம் மூடி வைத்தது மணல்வாரி அம்மை. அதைப் போராடித் திறக்க வைத்தது நான். இரண்டில் எது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிகக் கெடுதல் செய்தது என்று யாராவது கேட்டால், அம்மையின் மேல் பழி போட எனக்கு வாய் வராது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அவிநாசிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வண்டித்தடத்தில் இரண்டு மைல் நடந்தால் வருகிற ஊர். பெயர் வேண்டாம். என்னிடம் படித்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் செய்தது போதும். ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், சத்துணவுக்கு ஒரு கொட்டகை, இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். தலைமையாசிரியர் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. ஒரு மெமோகூட வாங்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய லட்சியம். அதற்காக அவர் எதையும் செய்யாமல் இருக்கத் தயாராக இருந்தார். எனக்கு இருபத்தாறு வயது. திருப்பூரில் குடித்தனம், இடுப்பில் ஒன்றரை வயசுப் பையன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த கணவர், எல்லாவற்றுக்கும் மேலாக எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு.

ஊரில் தோட்டம் உள்ளவர்கள் பத்து வீடு இருப்பார்கள். மற்றவர்கள் அந்தத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள். வெங்காயம், பருத்தி, கடலை என்று மாறி மாறி ஏதாவது ஒன்று நிலத்தில் இருந்துகொண்டே இருக்கும். பெண்கள் காலை ஏழு மணிக்குத் தோட்டத்துக் காட்டில் நிற்க வேண்டும். கைப்பிள்ளையை எங்கே விடுவது? பெரிய பிள்ளையின் இடுப்பில். பெரிய பிள்ளை எங்கே? பள்ளிக்கூடத்தில். இப்படியாக என் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் பேர் இல்லாத பாதி வகுப்பு ஒன்று எப்போதும் தரையில் தவழ்ந்துகொண்டிருக்கும். சாக்பீஸைத் தின்னும், தூங்கும், நனைக்கும். ஆய்வுக்கு அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் சத்துணவு ஆயா அவர்களை எல்லாம் கொட்டகைக்குள் ஓட்டிவிடுவார்.

அப்படித் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள்தான் அந்தப் பெண். ஐந்தாம் வகுப்பு. காலனியில் வீடு. தம்பிக்கு மூன்று முடிந்து நாலு நடந்தது. நடக்கத் தெரிந்தவன், ஆனாலும் அக்காவின் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். அவனை ஒரு தொடையில் போட்டுக்கொண்டு மறு தொடையில் பலகை வைத்துக் கணக்குப் போடுவாள். எல்லாப் பிள்ளைகளும் வகுத்தல் என்றால் முகத்தைச் சுளிக்கும். அவளுக்கு மட்டும் வகுத்தல்தான் பிடிக்கும், அதிலும் மீதி வருகிற கணக்கு. கடைசியில் வருகிற மீதியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, “மிச்சம் இவ்வளவுங்க டீச்சர்” என்று காட்டுவாள். அதைக் கேட்டுக் கேட்டு அவள் தம்பியும் கையை நீட்டி “மிச்சம், மிச்சம்” என்பான். அவன் கேட்டது சோற்றில் மிச்சம்.

அவளை ஆறாம் வகுப்புக்கு அவிநாசிபாளையம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதில் நான் குறியாக இருந்தேன். அந்தக் காலனியிலிருந்து அதுவரை ஒரு பெண்பிள்ளையும் ஐந்தைத் தாண்டியதில்லை. அம்மாக்காரியிடம் நாலு தடவை போய்ப் பேசினேன். தம்பியை யார் பார்ப்பது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே தடை. அவன் எங்கள் பள்ளியிலேயே இருக்கட்டும், ஆயா பார்த்துக்கொள்வார் என்று நான் சொன்னேன். “பாக்கலாமுங்க டீச்சர்” என்றாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு முடியாது என்றும் அர்த்தம் உண்டு, சொல்லிவிட்டீர்கள் மறுக்க மனசு வரவில்லை என்றும் அர்த்தம் உண்டு. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

தை நடுவில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வீட்டுக்குப் போ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் அம்மா காட்டில் இருந்தாள், வீடு பூட்டியிருந்தது. அடுத்த வாரம் ஊரில் வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டில் அம்மா வந்திருக்கிறாள் என்று பொருள். தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, வெளியாள் உள்ளே போகக் கூடாது, ஊசி மருந்து கூடாது. மூன்று முறை நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகுதான் பிள்ளை வெளியே வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆய்வாளர் மொபெட்டில் வந்தார். ஊரைச் சுற்றினார், பள்ளிக்கூடத்தை மூடச் சொன்னார். தலைமையாசிரியர் அன்றைக்குத்தான் நான் பார்த்து முதல் தடவையாக ஒரு வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்தார். பூட்டுப் போட்டார்.

பள்ளிக்கூடத்திலிருந்துதான் பரவியது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையாக இருந்ததால்தான் அவ்வளவு வந்தது.

இரண்டு குழந்தைகள் இறந்தன. ஒருவன் அந்தத் தம்பி. இரண்டாம் தண்ணீர் ஊற்றின மறுநாள். மேலுக்கு வந்த முத்து இறங்கிவிட்டது, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அன்று காலை அம்மாக்காரி வெங்காயக் காட்டில் இருந்தாள். தாள் காய்ந்துவிட்டது, இனி விட்டால் மறுபடி முளைக்கும் என்று தோட்டத்துக்காரர் ஆள் விட்டிருந்தார். அப்பன்காரன் மூலனூர்ச் சந்தைக்கு முருங்கைக்காய் வண்டியோடு போயிருந்தான். பிள்ளையை மடியில் வைத்திருந்தது அக்காதான். மூச்சு வாங்குகிறது என்று அவள் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் மூன்றாம் நாள் போனேன். வாசலில் வேப்பிலை காய்ந்து தொங்கியது. அம்மாக்காரி என்னைப் பார்த்து அழவில்லை. உட்காருங்க டீச்சர் என்று சாக்கை விரித்துப் போட்டாள். அந்தப் பெண் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். தம்பியைச் சுமக்கிற பழக்கத்தில் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது, இடுப்பில் யாரும் இல்லை. அப்போது எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. இனி இவளுக்குத் தடை இல்லை, ஆறாம் வகுப்புக்குப் போகலாம் என்று. எழவு வீட்டில் சாக்கில் உட்கார்ந்துகொண்டு, ஒரு குழந்தை போனதை இன்னொரு குழந்தைக்கு வழி பிறந்ததாக நினைத்தவள் நான். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. அன்றைக்கே அதே நினைப்பு அந்த ஊரில் இன்னொருவருக்கும் வந்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவர் வேன்காரர். உள்ளூர்க்காரர்தான், தோட்டத்துக்காரர் ஒருவருக்குப் பங்காளி. திருப்பூரில் ஏதோ ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போவது அவர் தொழில். முன்பெல்லாம் ரோட்டில் நின்று பெரியவர்களை மட்டும் ஏற்றுவார். பள்ளிக்கூடம் பூட்டின மூன்றாவது வாரம் வேன் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. மூன்றாம் தண்ணீர் ஊற்றின பிள்ளைகள் தலை காய்ந்த கையோடு வேனில் ஏறின. பவர் டேபிளில் தைக்கிற டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியின் ஓரத்தை மடித்து மடித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்குக் கைமடி என்று பேர், அதைச் செய்கிற ஆளுக்கும் கைமடி என்றுதான் பேர். கைமடிக்கு உயரம் வேண்டாம், படிப்பு வேண்டாம், சின்ன விரல் இருந்தால் நல்லது. ஒன்பது பத்து வயசுப் பிள்ளைகளை அதற்காகவே கடவுள் படைத்தது போல அந்த வேன்காரர் பேசுவார்.

நான் சம்பளப் பட்டியல் விஷயமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது அந்த வேனைப் பார்த்தேன். பின் ஜன்னலில் என் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்குக் கையாட்டின. சந்தோஷமாகத்தான் ஆட்டின, வேனில் போவது அவர்களுக்குப் புதுசு. அந்தப் பெண் அதில் இல்லை. எழவு எடுத்து ஒரு மாதம் ஆகவில்லை என்பதால் விட்டு வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தால் அவளும் போய்விடுவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குப் பேய் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைமையாசிரியரிடம் கேட்டேன். மேலே இருந்து எழுத்தில் வரவேண்டும் என்றார். கல்வி அலுவலகத்துக்குப் போனேன். சுகாதாரத் துறையிலிருந்து எழுத்தில் வரவேண்டும் என்றார்கள். ஆய்வாளரை அவர் மொபெட்டோடு சந்தையில் மடக்கினேன். ஊர்க்காரர்கள் சம்மதிக்க வேண்டும் என்றார். இப்படி ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டார்கள். என் பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு, சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்தவள் போல அலைந்தேன். கடைசியில் ஆய்வாளர்தான் இறங்கி வந்தார். மூன்றாம் தண்ணீர் ஊற்றிப் பத்து நாளான பிள்ளைகள் வரலாம். ஆனால் ஒரு நேரத்தில் பாதிப் பேர்தான் இருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

பாதிப் பேர் காலையில், பாதிப் பேர் மதியம். எப்படிப் பிரிப்பது? அண்ணன் தங்கை ஒரே நேரத்தில் வரவேண்டும், இல்லாவிட்டால் கைப்பிள்ளையை யார் தூக்குவது? வகுப்பு வாரியாகப் பிரித்தால் குடும்பம் உடையும், தெரு வாரியாகப் பிரிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஊர்ப் பெரியவர் உடனே ஒப்புக்கொண்டார். காலனிப் பிள்ளைகள் காலையில் வரட்டும், அப்போதுதான் பெண்கள் ஏழு மணிக்கெல்லாம் காட்டுக்கு வரமுடியும் என்றார். ஊர்ப் பிள்ளைகள் சாவகாசமாக மதியம் வரட்டும் என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டாரே என்று நான் மகிழ்ந்துபோனேன். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே உட்காராதபடி நானே பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறேன் என்பது வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் உறைத்தது. சரி, திறந்தால் போதும் என்று விழுங்கிக்கொண்டேன்.

அடுத்தது வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியரும் வந்தார். “முற்பகல் பிரிவு, பிற்பகல் பிரிவு” என்று அவர் ஆரம்பித்தார். கேட்டவர்கள் வாயைத் திறந்து பார்த்தார்கள். அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. “ரெண்டு ஷிப்டுங்க” என்றேன்.

திருப்பூரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். ஷிப்ட் என்பது அங்கே நேரம் மட்டும் அல்ல, ஆளை அளக்கிற படி. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். அதற்கு மேல் ஒன்பது மணி வரை இழுத்தால் ஒன்றரை. ஆறு நாள் வாரத்தில் ஒன்பது ஷிப்ட் ஓட்டினேன் என்று பெருமை பேசுகிற ஊர். கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கூட, அரை ஷிப்ட் போட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டிலும் பேச்சு அதே பேச்சுதான். நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் எல்லா முகமும் தெளிந்தது. தலைமையாசிரியர் என்னை மெச்சினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். அப்பன்காரன் கேட்டான்.

“அப்ப எங்க புள்ளைக்கு வெடியால அரை ஷிப்டுங்களா?”

“ஆமாங்க, காலைல.”

“மிச்ச அரை ஷிப்டுங்க?”

“மிச்ச அரை உங்களுக்குத்தானுங்க” என்றேன்.

வீட்டில் இருக்கலாம், அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்யலாம், வீட்டுப்பாடம் எழுதலாம் என்று நினைத்துச் சொன்னது. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவனும் சிரித்துத் தலையாட்டினான். அந்தப் பெண் உள்ளேயிருந்து பலகையைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள்.

பங்குனி தொடக்கத்தில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் காலனிப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் வந்தார்கள். ஆய்வாளர் காகிதத்தில் சொன்னபடி ஒரு முழம் தள்ளித் தள்ளி உட்கார வைத்தேன். மெலிந்து, தோல் உரிந்து, காதோரம் மஞ்சள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. பேர் வாசித்தேன், எல்லாரும் உள்ளேன் டீச்சர் என்றார்கள். அந்தப் பெண் பக்கத்தில் தம்பிக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள். ஒரு முழ இடைவெளியில் அது யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சத்துணவு. சாப்பிட்டுக் கை கழுவும்போது வேலிக்கு வெளியே ஹாரன் சத்தம். வேன் நின்றது. அதிலிருந்து ஊர்த்தெருப் பிள்ளைகள், என் மதிய ஷிப்ட் பிள்ளைகள், பன்னிரண்டு பதின்மூன்று பேர் இறங்கினார்கள். தலையெல்லாம் பஞ்சுத்தூசி. காலை ஷிப்ட் பிள்ளைகளில் பெரியவர்கள் ஈரக்கையைப் பாவாடையிலும் டவுசரிலும் துடைத்துக்கொண்டு அதே வேனில் ஏறினார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. கம்பெனி வாசலில் ஷிப்ட் மாறுகிற மாதிரி வரிசையாக இறங்கினார்கள், ஏறினார்கள். ஏழாவதாக ஏறினவள் அந்தப் பெண்.

நான் சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என்ன நடக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டெய்லருக்கு நாள் முழுக்க ஒரு கைமடி வேண்டும். இரண்டு பிள்ளை சேர்ந்தால் ஒரு ஷிப்ட். முன்பு வேன்காரர் ஒவ்வொரு வீட்டிலும் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தை நிறுத்தினால் ஊர் என்ன சொல்லுமோ என்று பெற்றவர்கள் இழுத்தார்கள். இப்போது பள்ளிக்கூடமும் போகலாம், கம்பெனியும் போகலாம். நேரம் பிரித்துக் கொடுத்தாயிற்று, ஒரே இடத்தில் கூட்டியாயிற்று, மதியச் சோறும் அரசாங்கமே போட்டு அனுப்புகிறது. வேனுக்கு ஒரு நடைகூட வெறும் வண்டி இல்லை.

அன்று பொழுதோடே அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஓடினேன். அம்மாக்காரி அப்போதுதான் காட்டிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. கொங்குநாட்டு மரியாதை என்பது சில நேரம் செருப்பால் அடித்ததை விட வலிக்கும்.

“அவ பள்ளிக்கூடம் வாரா தானுங்க டீச்சர். நீங்க சொன்ன அரை ஷிப்டு தவறாம வாரா. மிச்ச அரை எங்களுதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க.” காலைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “பையன் இருந்தவரைக்கும் அவனப் பாத்துக்கறதுக்கு அவ வேணுமுங்க. இப்ப ஊட்டுல இருந்து அவ ஆரைப் பாக்கறதுங்க?” என்றாள்.

நானும் வேன்காரரும் ஒரே எழவு வீட்டில் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறோம். விடை மட்டும் அவருக்குச் சரியாக வந்துவிட்டது.

வேன்காரர் நல்ல மனிதர், அதுதான் கொடுமை. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். டீச்சர் புண்ணியத்தில் ஆள் பஞ்சம் தீர்ந்தது என்று கைகூப்பினார். ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார். குழந்தைகள் போடுகிற கையில்லாத பனியன்கள், ஒரு டஜன், வெள்ளை வெளேர் என்று. வீசியெறிந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போனேன். மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அலமாரியில் வைத்தேன். மாமியார் எடுத்து என் பையனுக்குப் போட்டுவிட்டார். வெயில் காலம், அவனுக்கு வேர்க்குரு. மூன்று வயது வரை அவன் அவற்றைத்தான் போட்டிருந்தான். ஒவ்வொரு பனியனின் அடியிலும் மடிப்பு நேராக இருக்கும். சின்ன விரல் மடித்தால் நேராகத்தான் இருக்கும்.

அம்மை முற்றிலும் ஓய்ந்தது. மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, கம்பம் நட்டு, மாவிளக்கு எடுத்து ஊர் தன் பயத்தை முடித்துக்கொண்டது. இனி முழு நாள் பள்ளி நடத்தலாம் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். பாதிப் பேராக நடத்தும்படி காகிதம் இருக்கிறது, நிறுத்தும்படி காகிதம் இல்லை என்றார். ஆய்வாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நானே பிள்ளைகளை மதியமும் உட்கார வைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அப்பன்மார்கள் நாலு பேர் வந்து, அரை ஷிப்ட் என்று சொல்லிவிட்டு இப்போது முழு ஷிப்ட் கேட்டால் எப்படிங்க என்று மிகவும் பணிவாகக் கேட்டார்கள். ஊர்ப் பெரியவரும் அவர்கள் பக்கம். கம்பெனி ஒப்பந்தத்தை நான் மீறுவது போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வருகைப் பதிவேட்டில் ஒரு குறையும் இல்லை. அரை நாள் வந்தாலும் அன்றைக்கு ஒரு கோடு உண்டு. அதிகாரி வந்து பார்த்துவிட்டு, அம்மை வந்த ஊரில் இத்தனை வருகையா என்று பாராட்டினார். தலைமையாசிரியருக்கு வாய் காது வரை போயிற்று.

ஆண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சை பத்து மணிக்கு. கேள்வித்தாள் வரத் தாமதமாகிப் பதினொன்றுக்குத்தான் கொடுத்தோம். அந்தப் பெண் வேகமாக எழுதினாள். விரல் நுனியெல்லாம் துணி உரசி மழுங்கி, பென்சிலை வேறு விதமாகப் பிடித்தாள். வகுத்தல் கணக்குக்கு வந்தபோது ஹாரன் அடித்தது. எழுதிக்கொண்டே இருந்தாள். மறுபடி அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது எழுந்து தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

“நேரமாயிருச்சுங்க டீச்சர். லேட்டாப் போனா டெய்லரண்ணன் வைவாருங்க.”

உட்கார் என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கலாம். வேன் சாவியைப் பிடுங்கியிருக்கலாம். நான் தாளைப் பார்த்தேன். வகுத்தலைப் பாதி போட்டிருந்தாள். மீதி எழுத வேண்டிய இடத்தில் கட்டம் மட்டும் போட்டிருந்தது, உள்ளே எண் இல்லை. நான் நிமிர்வதற்குள் போய்விட்டாள். பாதித் தாளுக்கு மார்க் போட்டு அவளைத் தேற வைத்தேன். அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

ஆனி மாதம் அவிநாசிபாளையம் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அவள் சேரவில்லை. வேன் அவளை இப்போது காலை எட்டு மணிக்கே முழு ஷிப்டுக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. அவளுடைய மாற்றுச் சான்றிதழை நானே எழுதி வைத்தேன். யாரும் வாங்க வரவில்லை. வாங்க வராதவர்களின் சான்றிதழ்கள் அந்த ஆண்டு பீரோவில் ஒரு கட்டு சேர்ந்தன. நான் மாற்றலாகிப் போகும்போதும் அவை அங்கேதான் இருந்தன.

அதற்குப் பிறகு இரண்டு ஊர் மாறினேன். தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் முதலிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். சுற்றிலும் கம்பெனிகள். மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து குடிவந்தவர்களின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் கலந்து படித்தார்கள். ஜூன் மாதச் சேர்க்கையில் வரிசையில் ஒரு பெண் ஐந்து வயசுக் குழந்தையோடு நின்றாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அவ்வளவு பெரிய குழந்தையை யாரும் தூக்கி நிற்பதில்லை. அந்தச் சாய்ந்த இடுப்பைப் பார்த்ததும் அது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அதற்குள் என்னைக் கண்டுகொண்டு விட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. டீச்சர் அப்படியே இருக்கீங்க என்றாள். ஓவர்லாக் டெய்லராக இருப்பதாகச் சொன்னாள். வீட்டுக்காரர் அயர்ன் போடுகிறாராம்.

படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தகப்பன் வேலை. தாயின் படிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. கேட்காமலே எழுதியிருக்கலாம். பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“அஞ்சாவதுங்க” என்றாள். பிறகு அவளாகவே சிரித்து, “அதும் அரை ஷிப்டுதானுங்களே டீச்சர்” என்றாள்.

குத்திக் காட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாங்கள் இருவரும் அறிந்த ஒரு பழைய வேடிக்கையைப் போலத்தான் சொன்னாள். நான் கட்டத்துக்குள் ‘ஐந்தாம் வகுப்பு தேர்ச்சி’ என்று எழுதினேன். அந்தத் தேர்ச்சியைப் போட்டவளும் நான்தான்.

குழந்தை அம்மாவின் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றது. அவள் அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் சேலையிலிருந்து பிரித்து, என் கையில் கொண்டுவந்து வைத்தாள்.

“முழு ஷிப்டும் நீங்களே வெச்சுக்கோங்க டீச்சர். மிச்சம் எங்களுக்கு வேண்டாமுங்க.”